மூன்றடிக் கூண்டு: பழகாத பறவைகளைக் குடியேற்றிய பின் ஒரு மதிப்புரை

கையில் ஏறிப் பழகாத நான்கு லவ் பேர்ட்ஸ் பறவைகளை ஒன்றரை அடிக் கூண்டிலிருந்து மூன்றடிக் கூண்டுக்கு மாற்ற எனக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் பிடித்தது. அதில் என் கைவேலை அரை மணி நேரத்துக்கு மேல் இராது. மீதி நேரமெல்லாம் அறையின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பறவைகளைப் பார்க்காதவள்போலப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். வாங்கும்போது கடையில் நின்று நான் கவனித்தவை நீளமும் விலையும் மட்டுமே. கூண்டின் உண்மையான நிறைகுறைகள் அந்த ஒரு நாளில்தான் புலப்பட்டன என்பதால், இடம் மாற்றிய விவரத்தையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்கு நடுவே உள்ள ஒரு பறவைக் கடையில் இதை வாங்கினேன். நீளம் 36 அங்குலம், அகலம் 18, உயரம் 24. கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்த கம்பிகள், கீழே இழுத்து எடுக்கும் பிளாஸ்டிக் தட்டு, அதற்கு மேல் ஒரு கம்பி வலை, சக்கரம் வைத்த கால்கள். தாங்கியோடு சேர்த்து 5,600 ரூபாய் ஆனது. முன்புறத்தில் ஒரு பெரிய கதவும், தீவனக் கிண்ணங்களுக்காக மேலே தூக்கித் திறக்கும் இரண்டு சிறிய கதவுகளும் உள்ளன. இவை தவிர, இரண்டு பக்கவாட்டிலும் தரைமட்டத்திலிருந்து ஓரடி உயரத்தில், முட்டையிடும் பானையை வெளியே தொங்கவிடுவதற்காக ஐந்து அங்குலச் சதுரத்தில் பக்கத்துக்கொரு கதவு இருக்கிறது. இந்தப் பக்கவாட்டுக் கதவை நான் வாங்கும்போது பொருட்படுத்தவே இல்லை. இப்போது யாராவது கேட்டால், அந்தக் கதவுக்காகவே இந்தக் கூண்டை வாங்கலாம் என்பேன்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியக் குறுங்கிளிகளே. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, குட்டை வால் கொண்ட வேறு இனம். பெயர்க் குழப்பம் போகட்டும். கூண்டு வாங்குபவருக்குப் பிறப்பிடம் முக்கியம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் புல்விதையையும் தண்ணீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கும் பறவை இது. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பிறகுதான் உலகெங்கும் வீட்டுப் பறவையானது. இது பறப்பது கிடைமட்டமாகத்தான். ஹெலிகாப்டரைப் போல நேர்மேலே எழும்புவதில்லை. ஆகவே கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் கூண்டும், குடைபோல் வளைந்த வட்டக் கூண்டும் கண்ணுக்கு அழகே தவிர, பறவைக்குப் பயனில்லை. மூன்றடி நீளம் என்பது நான்கு பறவைகளுக்குத் தாராளம் அல்ல, சிறகை இரண்டு மூன்று முறை அடித்துப் பறக்கப் போதும், அவ்வளவே. ஆனாலும் பழைய ஒன்றரை அடிக் கூண்டில் அவை பறக்கவே இல்லை, தாவின.

இடம் மாற்றுவதில் எனக்கு இருந்த அச்சத்துக்கு முன்கதை உண்டு. முதன்முதலில் பறவைகளை அட்டைப் பெட்டியிலிருந்து பழைய கூண்டுக்குள் விட்டபோது, கையை விட்டுப் பிடித்துப் போட்டேன். பச்சை ஆண் என் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. நீலப் பெண் திமிறிய வேகத்தில் அதன் வால் இறகுகள் மூன்று என் உள்ளங்கையில் தங்கிவிட்டன. கூண்டில் விட்டதும் அது உட்காரும் கம்பத்தில் ஏறாமல் தரை மூலையில் ஒடுங்கி, அலகைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைய, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. பிழைத்துவிட்டது என்பது அதன் அதிர்ஷ்டம். அன்றுமுதல் கூண்டுக்குள் என் கை நுழைந்தாலே நான்கும் எதிர்ச்சுவரில் மோதிக்கொள்ளும். பழகாத பறவைக்குக் கை என்பது பருந்தின் கால்தான். அந்த ஒரு நாள் பிடித்ததற்கான விலையை எட்டு மாதம் கொடுத்தேன்.

புதுக் கூண்டு வாங்கியபோது கடைக்காரரிடம் எப்படி மாற்றுவது என்று கேட்டேன். "துண்டைப் போட்டு அமுக்கிப் பிடிச்சுப் போட்டுடுங்க அக்கா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். நாளொன்றுக்கு நூறு பறவைகளைப் பிடிப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலைதான். பிறகு அந்தப் பறவையோடு பத்தாண்டு வாழ வேண்டியவர் அவர் அல்லர்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை கூண்டைக் கழுவியது. பவுடர் கோட்டிங் உள்ள கூண்டுதான் என்றாலும், தரை வலையும் கொக்கிகளும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியால் ஆனவை, புதுக் கம்பியில் வெள்ளை மாவுபோல் பூத்திருந்தது. இந்தப் பறவைகள் அலகையும் ஒரு காலாகப் பயன்படுத்திக் கம்பியில் ஏறுபவை. ஏறும்போது கம்பியைக் கடித்துச் சுரண்டவும் செய்யும். அப்படி உள்ளே போகும் துத்தநாகம் அவற்றுக்கு நஞ்சு. வினிகரைத் தண்ணீரில் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் ஐந்து நாள் வெயிலில் வைத்தேன். பூச்சின் வாடை போக அத்தனை நாள் ஆயிற்று. வெல்டிங் பட்டறையில் வலை வாங்கிக் கூண்டு அடித்துக்கொள்வோருக்கு இதே பணத்தில் இருமடங்கு பெரிய கூண்டு கிடைக்கும், ஆனால் அது முழுவதுமே ஜி.ஐ. வலை என்பதால் இந்தத் தேய்ப்பு வேலையும் அதற்கேற்பக் கூடும்.

அடுத்த ஒரு வாரம் இரண்டு கூண்டுகளும் அரையடி இடைவெளியில் பக்கம் பக்கமாக நின்றன. புதுக் கூண்டைச் சுவரை ஒட்டி, என் கண்மட்டத்தில் கம்பங்கள் வரும்படி நிறுத்தி, பின்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் பழைய பருத்திப் புடவையால் மூடினேன். நாலாபுறமும் திறந்த கூண்டில் எந்தத் திசையிலிருந்து ஆபத்து வரும் என்று தெரியாமல் பறவை ஓயாமல் விழித்திருக்கும். முதல் இரண்டு நாள் நான்கும் புதுக் கூண்டிலிருந்து இயன்றவரை விலகி, பழைய கூண்டின் மறுகோடியில் இறகை உடலோடு ஒட்ட இறுக்கி, கழுத்து நீள, சிலைபோல உட்கார்ந்திருந்தன. மூன்றாம் நாள் பழைய கூண்டின் கம்பம் ஒன்றை, எச்சமும் கடித்த தழும்புமாக இருந்தபடியே, கழுவாமல் புதுக் கூண்டுக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் ஊஞ்சல் போனது. ஆறாம் நாள் தினைக் கதிர் ஒன்றைப் புதுக் கூண்டில், பழைய கூண்டை நோக்கிய பக்கத்தில் தொங்கவிட்டேன். அதைப் பார்த்ததும் பச்சை ஆண் இந்தப் பக்கக் கம்பியில் தொற்றிக்கொண்டு அலகை நீட்டியது. நாள் குறித்துவிடலாம் என்று தெரிந்தது.

முட்டையோ குஞ்சோ இருந்திருந்தால் இந்த வேலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன். அடைகாப்பது ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பானையை விட்டு வெளியேற மேலும் ஐந்து வாரம். பழகாத பெண் பறவையை நடுவில் கலைத்தால் அது பானைக்குத் திரும்பாமலே போகலாம். என் பறவைகளுக்கு அப்போது பானையே கட்டவில்லை. இப்போதும் கட்டவில்லை.

மாற்றிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போலத் தீவனம் வைத்து, அவை தின்று முடித்த பின் 11 மணிக்குத் தொடங்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், நம் வீடுகளில் தப்பிய பறவை இறப்பது பெரும்பாலும் சுழலும் விசிறியில்தான். சன்னல்களை மூடி, கண்ணாடிக்குத் திரை போட்டேன். ஸ்டூலின் மேல் பழைய தீபாவளி மலர்களை அடுக்கி, அதன்மேல் பழைய கூண்டை ஏற்றி, அதன் கதவும் புதுக் கூண்டின் பக்கவாட்டுக் கதவும் நேருக்கு நேர் வரும்வரை மலர்களைக் கூட்டிக் குறைத்தேன். பழைய கதவு நான்கு அங்குலம், புதியது ஐந்து என்பதால் சுற்றிலும் விழுந்த இடைவெளியை அட்டையால் அடைத்து, இரண்டு கூண்டுகளையும் நான்கு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கினேன். பிறகு இரண்டடி நீளமுள்ள கொய்யாக் குச்சி ஒன்றைப் புதுக் கூண்டின் பெரிய கதவு வழியாக நுழைத்து, பாதி இந்தக் கூண்டிலும் பாதி அந்தக் கூண்டிலும் இருக்குமாறு இரண்டு கதவுகளின் ஊடே செலுத்திவிட்டு, பெரிய கதவை மூடினேன்.

பக்கவாட்டுக் கதவின் அருமை இங்கேதான் தெரிந்தது. அஞ்சிய பறவை மேல்நோக்கித்தான் போகும். எவ்வளவு பசித்தாலும், தரையோரமாக உள்ள கதவை நோக்கிக் கீழிறங்க அதற்கு மனம் வராது. கடைகளில் கிடைக்கும் பல கூண்டுகளில் கதவுகள் எல்லாம் கீழ்ப்பாதியிலேயே இருக்கின்றன. தீவனம் வைக்கும் மனிதருக்கு அதுதான் வசதி. இந்தக் கூண்டில் பானைக்காக வைத்த கதவு, பறவை இயல்பாக உட்காரும் கம்பத்தின் உயரத்திலேயே அமைந்திருப்பதால், அவை இறங்கவும் வேண்டாம், பறக்கவும் வேண்டாம்; குச்சியின்மேல் பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். கிளையில் நகர்வது அவற்றுக்குப் பயமான காரியமே அல்ல.

பழைய கூண்டின்மேல் போர்வையைப் போட்டு மூன்று பக்கமும் மூடினேன். புதுக் கூண்டு சன்னல் வெளிச்சத்தில் இருந்தது. பழைய கூண்டிலிருந்த தீவனக் கிண்ணத்தை எடுத்து, அதே கிண்ணத்தைப் புதுக் கூண்டில், பறவை பார்க்கும் இடத்தில் வைத்தேன். தண்ணீரை எடுக்கவில்லை. பட்டினி போட்டு வரவழைப்பது என்பது முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடலிடம் விளையாடும் விளையாட்டு. சில மணி நேரத்துக்குமேல் தீவனம் இல்லாமல் விடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. 11.50-க்குப் பச்சை ஆண் குச்சியின் முனையில் ஏறியது. கதவு வரை வந்தது, தலையை மட்டும் நீட்டிப் புதுக் கூண்டைப் பார்த்தது, பின்வாங்கியது. இப்படி ஏழு முறை. எட்டாவது முறை நகர்ந்து வந்து, கொய்யாப் பட்டையை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, நேரே தினைக் கதிருக்குப் போய்விட்டது. நீலப் பெண் அரை மணி நேரத்தில் அதைப் பின்தொடர்ந்தது. மூன்றாவது பறவையான வெள்ளை ஆண் மாலை நான்கேகால் வரை இழுத்தடித்தது. நடுவில் வாசல் மணி அடித்ததும் நீலப் பெண் திரும்பவும் பழைய கூண்டுக்கே ஓடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நீயே உள்ளே போயிட்டு வந்திருக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மஞ்சள் பெண் வரவே இல்லை. ஐந்தரைக்கு வெளிச்சம் குறைந்ததும், கையால் பிடித்துவிடலாமா என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை. பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு கதவுகளையும் திறந்தபடியே விட்டு, பழைய கூண்டிலும் ஒரு கிண்ணம் தினை வைத்து, இரண்டையும் ஒன்றாகப் போர்த்தி விளக்கை அணைத்தேன். காலை ஆறரைக்குப் போர்வையின் ஓரத்தை விலக்கியபோது, புதுக் கூண்டிலிருந்து தினையின் தோலை உரிக்கும் அந்த மெல்லிய நறநறச் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், நான்கு வால்கள். மஞ்சள் பெண் நடுவில் உட்கார்ந்திருந்தது. கேபிள் டையை வெட்டுவதற்கு முன் அட்டையைச் செருகிக் கதவை அடைத்தேன்.

எல்லோருக்கும் இத்தனை நேரம் வாய்க்காது. பறவைக்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்றாலோ, கூண்டு உடைந்துவிட்டது என்றாலோ பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் பகலில் துரத்திப் பிடிக்கக் கூடாது. இருட்டிய பின், பறவை எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு விளக்கை அணைத்தால், இருளில் சரியாகப் பார்வை தெரியாததால் அது இடத்தைவிட்டு நகராது. மெல்லிய துணியால் மூடி எடுத்துவிடலாம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தலை இருக்குமாறு பிடித்து, மார்பை மட்டும் அழுத்தாமல் இருக்க வேண்டும். நமக்கு உள்ளதுபோன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. கடைக்காரர் சொன்ன 'அமுக்கிப் பிடிப்பது' என்பது இதனால்தான் ஆபத்து.

இனி கூண்டின் குறைகள். கம்பிகளுக்கு இடையில் 12 மி.மீ. என்று சொல்லி விற்றார்கள். அளந்ததில் பெரும்பகுதி அப்படியே இருந்தது, ஆனால் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் ஒரு மூலையில் 18 மி.மீ. இடைவெளி இருந்தது. குறுங்கிளியின் தலை அதில் நுழைந்துவிடும். நுழைந்த தலையை அதற்கு வெளியே எடுக்கத் தெரியாது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "எல்லாக் கூண்டும் அப்படித்தான் வரும் அக்கா" என்ற பதிலே கிடைத்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் நானே கட்டி மூடினேன். தீவனக் கதவுகளை மேலே தூக்கினால் திறந்துகொள்ளும் என்பதைப் பச்சை ஆண் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. கதவுக்குக் கொண்டி எதுவும் இல்லை, துணி காயப்போடும் கிளிப்பைத்தான் இன்றுவரை மாட்டி வைத்திருக்கிறேன். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கும் கூண்டில் இது மன்னிக்கக்கூடிய குறையாக எனக்குப் படவில்லை.

கூண்டோடு தந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் கம்பங்களை எடுத்து எறிந்துவிடலாம். ஒரே தடிமனில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் புண் வரும். கொய்யா, வேம்பு ஆகியவற்றின் கிளைகளை விரல் தடிமனிலும் அதற்குக் கூடுதலாகவும் வெட்டி, கழுவிக் காயவைத்துப் பொருத்தினேன். சக்கரங்கள் நான்கில் ஒன்றுக்குத்தான் நிறுத்தும் பூட்டு இருந்தது. எறும்புத் தொல்லையால் சக்கரங்களையே கழற்றிவிட்டு, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டேன். எறும்புக்குப் போடும் மருந்துச் சாக்பீஸைப் பறவைக் கூண்டின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அட்டைப் பெட்டியில் 'எல்லாவகைக் கிளிகளுக்கும்' என்று அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம்: நம் ஊர்ப் பச்சைக்கிளியின் அலகுக்கு இந்த மெல்லிய கம்பி தாங்காது, அதை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பாராட்ட வேண்டியது தரை வலை. தட்டை இழுத்துச் சுத்தம் செய்யும்போதும் வலை மூடியே இருப்பதால், கையும் உள்ளே போவதில்லை, பறவையும் பதறுவதில்லை. குடியேறிய முதல் வாரம் நான் செய்ததெல்லாம் தட்டை மாற்றியதும் கிண்ணத்தை நிரப்பியதும் மட்டுமே. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடல்நுரையை (பறவைகள் கொத்தித் தின்னும் கணவாய் ஓடு)க்கூட எட்டாம் நாள்தான் உள்ளே வைத்தேன். முதல் இரண்டு நாள் எச்சம் நீர்த்துப்போயிருந்தது, தின்பதும் குறைவு. மூன்றாம் நாள் மதியம் நீலப் பெண் ஒற்றைக் காலில் நின்று அலகை அரைத்துக்கொண்டே தூங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. கூண்டு நிற்கும் அறையில் கொசுவத்தியும் சாம்பிராணியும் கிடையாது. நான்ஸ்டிக் தோசைக்கல் அதிகம் சூடேறினால் வரும் புகை நிமிடக் கணக்கில் பறவையைக் கொன்றுவிடும் என்பதால், சமையலறையை ஒட்டிய கூடத்தில் வைக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன்.

பழைய கூண்டை விற்கவில்லை. மாதம் ஒருமுறை புதுக் கூண்டின் பக்கவாட்டுக் கதவோடு அதைப் பொருத்தி, கொய்யாக் குச்சியைச் செருகி, உள்ளே ஒரு மண்சட்டியில் தண்ணீரும் கீரைத் தண்டும் வைக்கிறேன். இப்போது குளிப்பதற்காகத் தாமாகவே அங்கே போகின்றன. அவை போன பிறகு கதவை அடைத்து, பெரிய கூண்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட்டுத் திரும்பப் பொருத்துகிறேன். சென்ற முறை நான்கும் மாறிச் செல்ல ஆன நேரம் பதினோரு நிமிடம். கடைசியாக வந்தது வழக்கம்போல மஞ்சள் பெண்தான்.